டயர் காசைப் பிடிப்பதற்கு முன் டிரெய்லரை அளந்து பாருங்கள்

நாமக்கல், சங்ககிரி, சேலம் வட்டாரத்து டிரெய்லர் உரிமையாளர்களுக்கும், அவர்களுடைய ஷெட்டுகளைக் கவனித்துக்கொள்ளும் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

நான் டிரெய்லருக்கு அடிவேலை பார்க்கும் பட்டறைக்காரன். ஆக்சில், பாரத்தைத் தாங்கும் வில் பட்டை, பிரேக், டிரெய்லரை இழுவை வண்டியோடு இணைக்கும் முளையான கிங்பின் இவைதான் என் பிழைப்பு. உங்களில் பலரது வண்டிகள் என் கைக்கு வந்து போயிருக்கின்றன. அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

"வண்டி முரடாக வருகிறது, உதறுகிறது, ஒரு பக்கமாக இழுக்கிறது" என்று ஓட்டுநர் வந்து சொன்னதும் பல ஷெட்டுகளில் முதலில் நடப்பது விசாரணை. எந்தப் பள்ளத்தில் விட்டாய், எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று கேட்கிறார்கள். பிறகு தேய்ந்த டயரைக் கழற்றி வேறு போடுகிறார்கள். கடைசியில் அந்த டயர் காசு ஓட்டுநரின் சம்பளத்தில் கழிகிறது. இவ்வளவும் நடந்து முடியும்வரை டிரெய்லருக்கு அடியில் ஒருவர்கூட நாடா பிடித்து அளந்திருப்பதில்லை. புது டயரும் சில நடைகளிலேயே அதே பக்கத்தில் தேய்ந்து வந்து நிற்கிறது. பழி மறுபடியும் ஓட்டுநர் தலையில்தான் விழுகிறது. இது அநியாயம். உங்கள் பணத்துக்கும் இது கேடு.

டயரே உண்மையைச் சொல்லும். ரப்பரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் விரலைக் கீறுவது போலவும் இருந்தால், அந்தச் சக்கரம் நேராக உருளவில்லை. பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. எப்பேர்ப்பட்ட ஓட்டுநராலும் ஸ்டியரிங்கைப் பிடித்து டிரெய்லர் டயரில் இப்படி ஒரு தேய்வை உண்டாக்க முடியாது. அது ஆக்சில் கோணலின் வேலை.

அளப்பதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். வண்டியைச் சமதரையில் கொஞ்ச தூரம் நேராக முன்னே ஓட்டி, பிரேக் பிடியில்லாமல் நிறுத்துங்கள். ரிவர்ஸில் வந்து நின்ற வண்டியை அளக்காதீர்கள், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் முறுகிப்போய் அளவு பொய் சொல்லும். கிங்பின்னின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு இறக்கி, அந்தப் புள்ளியிலிருந்து முதல் ஆக்சிலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் இரும்பு நாடாவால் அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அடுத்து முதல் ஆக்சிலுக்கும் இரண்டாவதுக்கும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளங்கள். அங்கே ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

"மில்லிமீட்டர் கணக்கெல்லாம் நாற்பதடி டிரெய்லருக்கு எதற்கு" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் அகலத்தில் ஓர் ஆக்சில் 6 மில்லிமீட்டர் கோணலாக இருந்தால், அந்தச் சக்கரங்கள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3 மீட்டர் பக்கவாட்டில் ஒதுங்கப் பார்க்கின்றன. மற்ற இரண்டு ஆக்சில்களும் அதை விடாமல் பிடித்து இழுத்து வருகின்றன. சென்னையிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 600 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் அந்த டயர்கள் 1,800 மீட்டர் தூரம் தார்ச்சாலையில் பக்கவாட்டாகத் தேய்க்கப்பட்டிருக்கும். மூன்று ஆக்சிலும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பியிருந்தால் வண்டி நண்டு போலச் சாய்ந்து ஓடும். ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு பக்கச் சக்கரங்களை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டுவார், டீசலும் கூடும்.

கோணல் தானாக வருவதில்லை. பட்டையை ஆக்சிலோடு கவ்விப் பிடிக்கும் யு போல்ட் தளர்ந்திருக்கும், பட்டைகளைக் கோத்திருக்கும் நடு போல்ட் அறுந்து ஆக்சில் தன் இருக்கையில் நகர்ந்திருக்கும், அல்லது ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் டார்க் ராடின் புஷ் தேய்ந்துபோயிருக்கும். யு போல்ட்டின் ஓரத்தில் பளபளவென்று உரசிய தடமோ செந்துருப் பொடியோ தெரிந்தால் அங்கே அசைவு இருக்கிறது என்று பொருள். பட்டை மாற்றிய வண்டி பாரத்தோடு ஒரு நடை போய்வந்ததும் யு போல்ட்டுகளை மீண்டும் முறுக்கியே ஆக வேண்டும். எத்தனை ஷெட்டுகளில் இதைச் செய்கிறார்கள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். பின் பக்கம் தாழ்கிறது என்று ஒரே ஓர் ஆக்சிலுக்கு மட்டும் கூடுதல் பட்டை சொருகுவது. 2018 ஜூலையில் மூன்று ஆக்சில் தொகுதிக்கான எடை வரம்பு 24 டன்னிலிருந்து 27 டன்னாக உயர்ந்தது. அந்த 27 டன்னும் மூன்று ஆக்சிலுக்கும் சமமாகப் பிரிய வேண்டும். பட்டைக் கட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஈக்வலைசர் அதற்காகத்தான் இருக்கிறது. ஒரு பட்டைக் கட்டை மட்டும் விறைப்பாக்கினால் பாரம் அங்கே குவிகிறது, மற்றவை குதிக்கின்றன. ஈக்வலைசர் புஷ் சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான். இழுவை வண்டியின் மேல் கிங்பின்னைக் கவ்வும் தட்டான ஃபிப்த் வீலின் உயரம் பொருந்தாமல் டிரெய்லரின் மூக்கு தூக்கியோ கவிழ்ந்தோ நின்றாலும் பாரம் ஒரு முனைக்கு ஓடிவிடும். டிரெய்லரின் மேடை தரைக்கு இணையாக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும்.

எல்லா முரட்டுத்தனமும் கோளாறு என்றும் சொல்ல மாட்டேன். 27 டன்னுக்குக் கட்டிய பட்டை காலி வண்டியில் குதிக்கத்தான் செய்யும். ஆகவே ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஓட்டுநரை உட்கார வைத்துக் கேளுங்கள். காலியிலா, பாரத்திலா? எந்த வேகத்தில்? பிரேக் மிதிக்கும்போதா, கியர் மாற்றும்போதா? இதே இழுவை வண்டியில் வேறு டிரெய்லரை மாட்டினாலும் இருக்கிறதா? குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் நடுங்கினால் வட்டம் கெட்ட டயர், டிரம், ஹப் பேரிங், உயரம் பொருந்தாத ஜோடி டயர் என்று தேடலாம். டிரெய்லரை மாற்றியும் உதறல் தொடர்ந்தால் கோளாறு முன்னால் இருக்கிறது. இந்தப் பதில்கள் ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

கியர் மாற்றும்போதும் வேகம் குறைக்கும்போதும் முதுகில் குத்துவது போல் இடித்தால், கிங்பின்னையும் அதைக் கவ்வும் ஃபிப்த் வீல் தாடையையும் பாருங்கள். டிரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு இழுவை வண்டியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லிப் பக்கவாட்டில் தள்ளி நின்று கவனித்தால் இடைவெளி கண்ணுக்கே தெரியும். 2 அங்குலக் கிங்பின் புதிதில் 50.8 மில்லிமீட்டர். 49க்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது, மாற்றிவிடுங்கள். தேய்ந்த கிங்பின்னில் வெல்டிங் வைத்து உருட்டிக் கடைந்து மாட்டும் வேலைக்கு மட்டும் யாரும் என்னிடம் வராதீர்கள். அது பதம் போட்ட எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டு விரிசல் விடும். மொத்த டிரெய்லரும் அந்த ஒற்றை முளையில்தான் தொங்குகிறது.

பிரேக்கைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனர் தேயக் கூடாது என்று டிரெய்லர் பிரேக்கைத் தளர்த்தி வைக்கும் ஷெட்டுகள் இருக்கின்றன. மிதித்ததும் முன்வண்டி மட்டும் நிற்கிறது, பின்னால் வருகிற பாரம் அதைத் தள்ளுகிறது. அந்த இடிதான் "முரடாக வருகிறது" என்று உங்களிடம் வந்து சேரும் புகார். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்குகிற வண்டியில் இதை நினைத்துப் பாருங்கள். இழுவை வண்டி மடங்கித் திரும்பிவிட்டால் அதற்குமேல் ஓட்டுநர் கையில் எதுவும் இல்லை. எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் கையான ஸ்லாக் அட்ஜஸ்டர் பிரேக் பிடிக்கும்போது நகரும் தூரம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு ஹப் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக வந்தால் அங்கே லைனர் உரசிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் பேரிங் போகப் போகிறது.

பாரம் வைக்கும் முறையையும் கேளுங்கள். எடை மிகுந்த இருபதடிக் கண்டெய்னரை நாற்பதடி டிரெய்லரின் கடைக்கோடியில் ஏற்றினால் கிங்பின் மேல் எடை குறைந்து வால் ஆடத்தான் செய்யும். 2016 ஜூலை 1 முதல் கப்பலேறும் கண்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் உள்ளே சரக்கு எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்பதை அந்த எடைத் தாள் சொல்லாது. சீல் வைத்த பெட்டியை ஓட்டுநர் திறந்து பார்க்கவும் முடியாது. பார்க்க முடியாத ஒன்றுக்கு அவரிடம் எப்படிக் காசு பிடிக்கிறீர்கள்?

நான் கேட்பது இவைதான். ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஓட்டுநர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே தேதியோடு எழுதுங்கள், அதன் கீழே அளந்த எண்களை எழுதுங்கள். பட்டையிலோ ஆக்சிலிலோ கை வைத்த ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் அளந்த பிறகே வண்டியை வெளியே விடுங்கள். ஷெட்டுக்கு ஒரு கிங்பின் கேஜ் வாங்குங்கள், ஒரு டயர் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. டயர் தேய்வுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கத்தை உங்கள் சங்கக் கூட்டத்தில் எடுத்துப் பேசி நிறுத்துங்கள். அதுவரை, யாரிடமாவது பிடிக்கத்தான் போகிறீர்கள் என்றால், அந்த டிரெய்லரின் அளவுகளை எழுதி மேஸ்திரி கையெழுத்தோடு ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டுப் பிடியுங்கள். அளக்கத் தெரிந்த ஆள் உங்களிடம் இல்லையென்றால் அனுப்பி வையுங்கள், கற்றுக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும். அதற்கு நான் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
டிரெய்லர் அடிவேலை பார்க்கும் ஒரு பட்டறைக்காரன்