திரை விமர்சனத்தில் கேமராவுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் திரை விமர்சனங்கள் கதையையும் நடிப்பையும் விரிவாக அலசிவிட்டு, ‘ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுவது வருத்தமளிக்கிறது. எங்கள் தாராவியைக் கதைக்களமாகக் கொண்ட ‘நாயகன்’ (1987) படத்துக்காக ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் தேசிய விருது பெற்றார். முகங்களைப் பாதி நிழலில் விட்டுவைத்த அவரது ஒளியமைப்பு, கதைத்தலைவன் வேலு நாயக்கர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியை வசனம் வருவதற்கு முன்பே நம் மனத்தில் எழுப்பிவிடுகிறது.

கேமராவைத் தாழ வைத்தால் பாத்திரம் ஓங்கி நிற்கும். உயரே வைத்தால் ஒடுங்கிப் போகும். முகத்தை நெருங்கிக் காட்டும் குளோசப்போ, தூரக் காட்சிகளுக்குப் பிறகு உரிய நேரத்தில் வந்தால்தான் கண்ணோரம் தேங்கிய நீர்கூட நம்மை உலுக்கும். மாமியாரின் முகத்தை மும்முறை ஜூம் செய்யும் தொலைக்காட்சித் தொடர்கள் (இடிமுழக்கம் வேறு!) அதன் மதிப்பையே கெடுத்துவிட்டன. எந்தக் காட்சியில் எந்த ஷாட் ஏன் பலித்தது என்பதையும் தங்கள் விமர்சகர்கள் எழுத வேண்டுகிறேன்.

– வாசகர், தாராவி, மும்பை