ஸ்லோ குக்கரும் உன் விசில் குக்கரும்

சிகாகோ
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

பொண்ணுக்கு இடம் அமைஞ்சிடுச்சு, ரம்ஜான் கழித்து நிக்காஹ் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தேதி குறித்ததும் சொல், டிக்கெட் போடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். குளிர் வந்ததும் என் முழங்கால் மட்டும் தன் வேலையைக் காட்டுகிறது. பையனும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டதால் ராத்திரி மூன்று பேரும் மூன்று நேரத்துக்கு வீடு திரும்புகிறோம். மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கிற மின்சாரப் பானையான ஸ்லோ குக்கர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அப்படித்தான். அதைப் பற்றிப் போன கடிதத்தில் கொஞ்சம் அளந்தேன், நீ உடனே "வரும்போது ஒண்ணு தூக்கிட்டு வா" என்கிறாய்.

தூக்கி வர மாட்டேன். கஞ்சத்தனம் இல்லைடா. இங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், ஆம்பூரில் 230. இங்கத்திய 250 வாட் குக்கரை உன் வீட்டு பிளக்கில் சொருகினால் 900 வாட்டுக்கு மேல் இழுக்கும். கறி வேகிறதோ இல்லையோ, குக்கர் வெந்துவிடும். அங்கேயே 230 வோல்ட்டுக்குச் செய்ததைப் பார்த்து வாங்கு.

இன்னொன்றும் கேட்டிருந்தாய்: ஏழெட்டு விசிலில் முடிகிற வேலைக்கு எட்டு மணி நேரம் எதுக்கு? மென்மை என்று பார்த்தால் உன் குக்கர் ஒன்றும் தோற்காது. மூடிக்குள் 120 டிகிரி வரை சூடு ஏறுவதால் கெட்டிக் கறியும் சீக்கிரம் இளகிவிடும். ஆனால் விசிலை எண்ண ஒருத்தர் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லையா? இது அப்படி இல்லை. காலை ஏழு மணிக்கு மூடிவிட்டு வேலைக்குப் போனால் பிற்பகல் மூன்று மணிக்கு அதுவே சூடு ஆறாமல் வைத்திருக்கிற 'வார்ம்'க்கு மாறிக் காத்திருக்கும். எட்டு மணி நேரம் உழைப்பது குக்கர்தானே, நான் இல்லையே. ருசிக்காகத்தான் வாங்கினேன் என்று சொன்னால் அது பொய்.

இந்தச் சாமான் பிறந்த கதை உனக்குப் பிடிக்கும். சிகாகோவில் தொழில் நடத்திய இர்விங் நாக்ஸன் என்ற யூதருக்கு 1940இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. லிதுவேனியாவில் அவருடைய அம்மா வளர்ந்த ஊரில் சனிக்கிழமை ஓய்வு நாள், அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் 'சோலன்ட்' பானையை ரொட்டிக்காரர் அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அடுப்பு ஆற ஆற, கறியும் பயறும் ராத்திரி முழுக்க வெந்துகொண்டிருக்கும். அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் மகனுக்கு யோசனை வந்தது. 1970இல் ரைவல் கம்பெனி அவர் தொழிலை வாங்கி, அடுத்த வருஷம் 'க்ராக்-பாட்' என்ற பெயரில் கடைக்குக் கொண்டு வந்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். விற்காமல் இருக்குமா?

சரி, கறிக்கு வருகிறேன். நான் செய்வது பாதி அமெரிக்கா, பாதி சீனா. பெரிய துண்டாக மாட்டுக்கறியை மூடி வேகவைக்கிற 'பாட் ரோஸ்ட்' இந்த ஊருடையது. சோயா சாஸ், சர்க்கரை, அன்னாசிப்பூ எல்லாம் சீனர்களின் 'ஹோங்ஷாவ்' சமையலிலிருந்து எடுத்தது. அவர்கள் அரிசி ஒயினும் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பதில்லை, உனக்கும் அது வேண்டாம்.

முன்சப்பையில் ஒன்றரைக் கிலோ ஒரே துண்டாக வாங்கு. கடைக்காரர் பழக்கத்தில் கத்தியை ஓங்குவதற்குள் கையைப் பிடி. கொழுப்பே இல்லாத பின்தொடை நல்ல கறி என்று தங்கச்சி சொல்லும், கேட்காதே. ஓடி உழைத்த சதையில்தான் வெள்ளை வெள்ளையாகச் சவ்வு ஓடியிருக்கும். 70 டிகிரி தாண்டினால் அது மெல்லக் கரைந்து பசையாக மாறும். குழம்புக்கு வழவழப்பு அதிலிருந்துதான்.

ஈரம் போகக் கறியை ஒற்றித் துடைத்து, இரும்புச் சட்டியில் எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் போடு. போட்டதைப் புரட்டாதே. முதலில் சட்டியைக் கவ்விக்கொள்ளும், நாலு நிமிஷத்தில் தானே விட்டுக் கொடுக்கும், அடிப்பக்கம் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கும். எல்லாப் பக்கமும் அப்படி வர வேண்டும். அவசரக்காரர்கள் இதைத் தாண்டிவிடுகிறார்கள். ஸ்லோ குக்கருக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, வறுத்த மணம் அதற்குள் பிறக்கவே பிறக்காது. சட்டியில் ஒட்டியதைத் தண்ணீர் விட்டுச் சுரண்டி அதையும் ஊற்றிவிடு.

அடியில் முள்ளங்கியும் கேரட்டும் பெரிய துண்டுகளாக. கிழங்கு வகை கறியை விட மெதுவாக வேகும், சூடும் அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும்தான் வருகிறது. மேலே கறி. அரை கப் சோயா சாஸ், அரை கப் தண்ணீர், கால் கப் பொடித்த வெல்லம், இரண்டு ஸ்பூன் வினிகர், விரல் நீள இஞ்சி, எட்டுப் பல் பூண்டு, அன்னாசிப்பூ இரண்டே இரண்டு, ஒரு துண்டுப் பட்டை, காய்ந்த மிளகாய் உன் இஷ்டம். பிரியாணி கை என்று அன்னாசிப்பூவை அள்ளிப் போட்டால் குழம்பு இருமல் மருந்து வாடை அடிக்கும். உப்பு போடவே போடாதே, சோயாவில் இருப்பது போதும். தண்ணீர் இவ்வளவுதானா என்று தங்கச்சி கேட்கும். ஆவி வெளியே போகாது, கறியே விடும். 'லோ'வில் எட்டு மணி நேரம். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் கூடும்.

முள் கரண்டியைக் குத்தித் திருப்பினால் நார் நாராகப் பிரிய வேண்டும். அப்போது கறியை எடுத்து வைத்துவிட்டு, சாற்றின் மேல் மிதக்கிற கொழுப்பை வழித்து, கரைத்த கார்ன்ஃபிளவர் விட்டு அடுப்பில் கொதிக்க விடு. கடைசியில் ஒரு ஸ்பூன் சீன எள்ளெண்ணெய், வறுத்த எள்ளில் எடுத்தது. அங்கே செக்கு நல்லெண்ணெய் சரிப்படாது, அது வறுக்காத எள்ளில் ஆட்டியது. சீன எண்ணெய் கிடைக்காவிட்டால் எள்ளை வறுத்து இடித்துத் தூவு. வெங்காயத்தாள், வெள்ளைச் சோறு, போதும்.

இரண்டு விஷயம் தங்கச்சியிடம் சொல்லிவிடு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை அப்படியே போடக் கூடாது, உள்ளே சூடு ஏறுவதற்குள் கிருமி பெருகிவிடும். ராஜ்மாவைப் பச்சையாகப் போடவே கூடாது. தனியாகப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருக்கும் நஞ்சு வயிற்றைப் புரட்டிவிடும்.

ஏழைகள் வாங்குகிற கறி என்று இங்கே இருந்தது இந்த முன்சப்பைதான், இப்போது விலை எகிறிவிட்டது. வறட்சியால் மாடுகள் குறைந்துபோயின, 1951க்குப் பிறகு இத்தனை குறைவாக இருந்ததே இல்லையாம். விருந்தாளி வந்தால்தான் இப்போது முழுத் துண்டு வாங்குகிறோம்.

நிக்காஹ் பிரியாணிக்கு எந்த மாஸ்டரைப் பிடித்திருக்கிறாய்? தம் போடுகிற இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை, பந்தியில் உட்கார்த்தி வைத்துவிடாதே. தங்கச்சிக்கு என் அன்பு, அம்மாவுக்கு சலாம்.

உன்
பழைய ரூம் மேட்