டயருக்குக் காற்று எவ்வளவு வைப்பது?

கோபிசெட்டிபாளையம்,
ஆடி மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. களத்தில் காயப்போட்ட கொப்பரையையே காற்று புரட்டிப் போடுகிறது என்று எழுதியிருந்தாய். காங்கயம், தாராபுரம் பக்கம் ஆடியில் சொல்லவா வேண்டும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேரே உங்கள் வாசலுக்கு அல்லவா வருகிறது! இங்கே வாழைக்காரர்கள் பாடு திண்டாட்டம். முட்டுக் கொடுத்தும் என் தோப்பில் மேற்கு ஓரம் ஒரு வரிசை சாய்ந்துவிட்டது. சின்னவளுக்குப் பெருந்துறையில் வேலை கிடைத்திருக்கிறது, பஸ்ஸில் போய் வருகிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி எல்லோரும் சுகம்.

சரி, உன் பைக்குக்கு வருகிறேன். புது டயர் போட்டதிலிருந்து குதிக்கிறது, மெக்கானிக் ஷாக்கை (ஷாக் அப்சார்பரை) மாற்றச் சொல்கிறார் என்கிறாய். அந்தச் செலவுக்கு அவசரப்படாதே. அதே கடிதத்தில் நாலு வரி தள்ளி, பெட்ரோல் பங்கில் இரண்டு டயருக்கும் நாற்பது பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) காற்று வைத்ததாக நீயே எழுதியிருக்கிறாயே! ஜல்லி பெயர்ந்த ரோட்டில் நாற்பது பவுண்டு டயர் குதிக்காமல் என்ன செய்யும்? முதல் அதிர்வை வாங்க வேண்டியது டயர்தான். அது கல்லாக இருந்தால் எல்லா அடியும் ஷாக்குக்கும் உன் முதுகுக்கும் போகிறது. பிரேக் அடித்தால் வழுக்குவதும் அதனால்தான், தரையோடு ஒட்டும் இடம் குறைந்துபோகிறது.

‘டயர்லயே போட்டிருக்குங்க’ என்று பங்க் பையன் காட்டினானாம். டயரின் பக்கவாட்டில் இருப்பது, அந்த டயர் தன் உச்ச பாரத்தைச் சுமக்கும்போது இருக்க வேண்டிய காற்று. அதே டயரை இன்னும் பத்து வண்டிக்குப் போடுவார்கள். உன் வண்டி எடை என்ன, முன்னால் எவ்வளவு விழுகிறது, பின்னால் எவ்வளவு விழுகிறது என்று டயர் செய்தவனுக்கு எப்படித் தெரியும்? அது வண்டி செய்தவனுக்குத் தெரியும். செயின் கவரிலோ, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சுவிங் ஆர்மிலோ ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், சாணிக்கறையைத் துடைத்துவிட்டுப் பார். என் வண்டியில் முன்னால் 25, பின்னால் ஒருவருக்கு 28, இருவருக்கு 32 என்று இருக்கிறது. உன்னுடையதில் வேறாக இருக்கலாம். அதில் என்ன இருக்கிறதோ அதை வை, என் எண்ணை வைக்காதே.

முன்னுக்கும் பின்னுக்கும் ஏன் வித்தியாசம் என்று கேட்டிருந்தாய். என் ஸ்டிக்கரில் கிலோக் கணக்கும் இருக்கிறது: 28 என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. பின் சக்கரத்தின் மேல் 120 கிலோ இறங்குகிறது என்று வை. அதைத் தாங்க 60 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையைத் தொட வேண்டும், ஒரு விசிட்டிங் கார்டைவிடக் கொஞ்சம் பெரிய பரப்பு. பின்னால் ஒரு ஆள் ஏறி 180 கிலோ ஆனால், அதே காற்றில் 90 சதுர சென்டிமீட்டர் வேண்டும். அதற்கு டயர் நசுங்கித்தான் ஆகணும். 32க்கு ஏற்றினால் 80 போதும். டயரின் விறைப்பும் கொஞ்சம் தாங்கும் என்பதால் கணக்கு அச்சாக வராது, ஆனால் சங்கதி இதுதான். பின்னால் உட்காருபவர் எடை பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் விழுகிறது. அதனால்தான் ஆள் ஏறினாலும் முன் டயர் எண் அநேகமாக மாறுவதில்லை.

உன் பால் கேன்களுக்கும் இதே கணக்குத்தான். சொசைட்டிக்குப் போகும்போது பாரம், வரும்போது வெறும் கேன். தினமும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியுமா? பின் டயரில் இருவருக்கான எண்ணையே வைத்துவிடு. வரும்போது கொஞ்சம் கெட்டியாக இருந்தால் குடி முழுகிப் போகாது. ஆனால் கேனை ரொம்பப் பின்தள்ளிக் கட்டாதே. பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போனால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். அதைக் காற்று வைத்துச் சரிசெய்ய முடியாது. ஆடிக் காற்று பக்கவாட்டில் தள்ளுவதையும்தான். அதற்கு மெதுவாகப் போவது ஒன்றே வழி.

நாற்பது கெட்டி என்று இனி இருபதுக்கு இறங்கிவிடாதே. குறைந்த காற்று இன்னும் மோசம். டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து சூடேறும், இரண்டு ஓரமும் தேயும், மைலேஜும் குறையும். உன்னுடையது டியூப் டயர். காற்று இறங்கினால் டயர் ரிம்மின் மேல் மெல்ல நகரும், டியூப்பையும் கூட இழுத்துக்கொண்டு போகும். வால்வைக் குனிந்து பார்: நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் அடியோடு கிழியும், அது பஞ்சர் மாதிரி மெல்ல இறங்காது, ஒரேயடியாகப் போய்விடும். வால்வு மூடியைக் கழற்றி விரலில் எச்சில் தொட்டு வால்வின் முனையில் தடவிப் பார். குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசி கசிகிறது. புதுசு சில ரூபாய்தான்.

கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிடு. நாமக்கல் லாரிக்காரர்கள் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்களே, அது இரட்டை டயரில் ஒன்று இறங்கிவிட்டதா என்று அறியத்தான். இருபதுக்கும் முப்பதுக்கும் உள்ள வித்தியாசம் கைக்கும் தெரியாது, கம்பிக்கும் தெரியாது. சில நூறு ரூபாயில் காற்றை அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி டேங்க் பையில் போட்டுக்கொள்.

அளப்பது எப்போதும் காலையில், வண்டியை எடுக்கும் முன்னால். ஸ்டிக்கரில் இருக்கிற எண் குளிர்ந்த டயருக்கு உரியது. பத்து டிகிரி சூடேறினால் ஒன்றரை பவுண்டு கூடிவிடும், மத்தியான வெயிலில் ஓடிவந்த டயர் அதற்கும் மேல் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். பங்க் தூரம் என்றால் இப்படிச் செய்: வீட்டில் அளந்தபோது 24, வேண்டியது 28, குறை நாலு. பங்கில் சூட்டில் 27 காட்டினால் 31க்கு ஏற்று. டியூப் டயர் தானாகவே மாதம் ஒன்றிரண்டு பவுண்டு இறங்கும், பதினைந்து நாளைக்கொரு முறை பார்த்தால் போதும். நைட்ரஜன் என்று காசு கேட்பான், வேண்டாம். சும்மா கிடைக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. பங்கில் காற்றுக்குக் காசு கிடையாது.

ஆவணியில் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ஊட்டி போவதாக எழுதியிருந்தாய். அங்கே போய் அளந்தால் எண் கொஞ்சம் கூடித் தெரியும். கேஜ் காட்டுவது உள் அழுத்தத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மேட்டுப்பாளையத்தைவிடக் கிட்டத்தட்ட மூன்று பவுண்டு குறைவு. அங்கே இருக்கிற குளிர் அதில் இரண்டைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஆக, இறக்காமல் அப்படியே விடு. இறக்கிவிட்டால் கோத்தகிரி வழியாக இரண்டு பேரும் இறங்கும்போது, பிரேக்கும் வளைவுமாக இருக்கிற இடத்தில், காற்று குறைந்த டயரில் வருவாய். இருவருக்கான எண்ணைக் கிளம்பும் அன்று காலை வீட்டிலேயே வைத்துக்கொள்.

ஷாக் சங்கதியைக் காற்று சரிசெய்த பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது. அப்படியும் குதித்தால் இங்கே கொண்டு வா, சத்தி ரோட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். வரும்போது செக்கு எண்ணெய் ரெண்டு லிட்டர் எடுத்து வா, போன தடவை தந்தது தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உன் மச்சான்