அண்ணாச்சி நோட்டில் கணக்குத் தீர்த்தவர்களுக்கு

கடலூர் முதுநகரில் இருக்கிறவர்களுக்கும், இங்கே பிறந்து சிங்கப்பூர், துபாய், சென்னை என்று போய் உட்கார்ந்த பிறகும் நாங்கள் கேட்டவுடன் அனுப்பியவர்களுக்கும் வணக்கம். 2025 ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து தீபாவளி வரைக்கும் பணமாகவும் அரிசியாகவும் உடம்பு உழைப்பாகவும் கொடுத்திருக்கிறீர்கள். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. ஆள் அதிகம், மழையும் விட்டபாடில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

வெளியூரில் இருக்கிற பலரும் முதலில் கேட்டது, "ஏம்பா, புயல் எதுவும் வரலையே, எதுக்கு வசூல்?" என்றுதான். நியாயமான கேள்வி. நம் ஊரில் வசூல் என்றால் 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம். கூரை போயிருக்கும், படகு போயிருக்கும், டிவியில் காட்டுவார்கள், லாரி லாரியாகப் பாயும் போர்வையும் வந்து இறங்கும். இந்த முறை ஒரு ஓடுகூட நகரவில்லை. திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போன பிள்ளைகள் பையும் படுக்கையுமாகத் திரும்பி வந்தார்கள், அவ்வளவுதான். ஆகஸ்ட் 27-லிருந்து நம் நாட்டுச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது, ஆர்டர் நின்றுவிட்டது. ஒன்றரை ஷிப்ட் பார்த்து வாரக் கடைசியில் வீட்டுக்குப் பணம் போட்டவர்களுக்கு அரை ஷிப்டுக்கே வழியில்லை. யாரையும் வேலையை விட்டு எடுத்ததாக யாரும் சொல்லவில்லை, "ஆர்டர் வந்தா போன் பண்றோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அதனால் எங்கே போய் எதைக் கேட்பதற்கும் கையில் ஒரு காகிதம் கிடையாது. பண்ணை இறாலுக்கும் அதே வரிதான் விழுந்தது, இறால் உரிக்க வேன் ஏறிப் போகிற அக்காக்களுக்கு வேன் வருகிற நாளும் குறைந்துபோனது.

மளிகை மூட்டை கட்டி, பேனர் பிடித்து, வாங்குகிறவர் தலை குனிந்து நிற்க போட்டோ எடுக்கிற வேலை வேண்டாம் என்று எங்கள் தெருப் பெண்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். "கடன் எங்க நிக்குதோ அங்கயே போய் அடைங்க" என்றது அவர்கள்தான். சரி, கடன் எங்கே நிற்கிறது? மளிகைக் கடை நோட்டில்.

அண்ணாச்சியின் நோட்டை நான் அப்போதுதான் உள்ளே பார்த்தேன். நீள நோட்டு, அட்டையில் எண்ணெய்க் கறை, ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ஆள் பெயர் இல்லை, அவருக்கு மட்டும் புரிகிற மாதிரி "பச்சை கேட்", "கிணத்தடி", "போட் மெக்கானிக் சம்சாரம்" என்று இருக்கும். ஜூலை வரைக்கும் பத்தாம் தேதி வாக்கில் வரவு விழுந்து பக்கம் சுத்தமாகிறது. ஆகஸ்டுக்குப் பிறகு வரவே இல்லை, பாக்கி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அதைவிட, வாங்குகிற சாமானைப் பாருங்கள். முதலில் பூஸ்ட் போகிறது, அப்புறம் நல்லெண்ணெய் போகிறது, துவரம்பருப்பு கால் கிலோ ஆகிறது, கடைசியில் உப்பு, புளி, தீப்பெட்டி. எங்களை உட்காரவைத்து, எந்தப் பக்கத்தை முதலில் அடைக்க வேண்டும் என்று அவரே விரலால் காட்டினார், ஒருவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய பணத்தில் பக்கம் பக்கமாக சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். பாதிப் பக்கங்களில் கடைசி ஐந்நூறு, அறுநூறை "தள்ளுபடி" என்று தானே எழுதிக்கொண்டார். அண்ணாச்சி, உங்களுக்குத்தான் முதல் நன்றி. கடை லாபம் என்ன என்று எங்களுக்கும் கொஞ்சம் தெரியும்.

துறைமுகத்துக்காரர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களே கடன் வாங்கித் தின்றவர்கள், அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. அப்படியும் ஒரு விசைப்படகுக்காரர் ஒரு கூடை சங்கரா மீனைத் தனியாக எடுத்துவைத்து, "இது தெருவுக்கு" என்று ஏலத்தில் விட்டார். எடுத்த மீன்கார அக்கா காசை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கூடையைத் தொடவே இல்லை. "மறுபடி விடுடா தம்பி" என்றார். அடுத்து எடுத்தவரும் அதையே சொன்னார். ஒரே கூடை மூன்று தடவை ஏலம் போய், கடைசியில் வெளியூர் வியாபாரி ஒருவர் விஷயம் தெரியாமல் எடுத்து, தெரிந்ததும் சிரித்துவிட்டு மேலே இருநூறு ரூபாய் வைத்துவிட்டுப் போனார். மீன் என்னமோ அதற்குள் கொஞ்சம் கண் மங்கிவிட்டது, அதற்கு அந்த வியாபாரி மன்னிக்க வேண்டும்.

ஜமாத்தார், மாதா கோயில் சபையார், அம்மன் கோயில் கமிட்டி மூன்று பேரும் கொடுத்தீர்கள், யார் அதிகம் என்று கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. கேட்கவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள் அரிசி மூட்டை ஏற்றி இறக்கியதற்கு ஒரு நாளும் வாடகை வாங்கவில்லை.

பெண்கள் குழுவாகச் சேர்ந்து நிதி நிறுவனங்களில் வாங்குகிற குழுக் கடன் விஷயத்தில் நான் நிறையப் பேருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். தவணை கட்ட முடியாத வீடுகளில் வசூல் பையன்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேலும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பாதிப் பேர் தாலிச் செயினைக் கொண்டுபோய் அடகு வைத்தார்கள். தங்கம் சவரன் 90 ஆயிரத்தைத் தாண்டிய நேரம் என்பதால் கை நிறையக் கொடுத்தார்கள், வட்டியும் அதே அளவுக்குத்தானே ஓடும். நம் தெரு வக்கீலம்மா சும்மா இருக்கவில்லை. மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்தை அச்செடுத்து வந்து, திண்ணையில் நின்று, அந்தப் பையன்களுக்கே வாசித்துக் காட்டினார். அவர்களும் பாவம் சம்பளக்காரர்கள், எழுந்து போய்விட்டார்கள். அப்புறம் வந்தது பகலில், அதுவும் போன் செய்துவிட்டு. வக்கீலம்மா ஒரு ரூபாய்கூட பீஸ் வாங்கவில்லை, காபி மட்டும் குடித்தார்.

திருப்பூரிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தனியாக நன்றி. உதவி வாங்குகிற வரிசையில் உங்களை நிறுத்தப் பார்த்தோம், நீங்கள் நிற்கவில்லை. டெய்லர் கடை அண்ணன் ராத்திரி கடை சாத்திய பிறகு மிஷினைக் கொடுத்தார், ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் துணியைக் கொடுத்தார், நீங்கள் பிள்ளைகளுக்குத் தீபாவளி உடுப்பு தைத்தீர்கள். கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டிப் பழகிய கை எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஜன்னல் பக்கம் கூட்டமே நின்றது. டெய்லர் அண்ணன் "என் பொழப்புக்கு வேட்டு வெச்சிராதீங்கடா" என்று சொல்லிக்கொண்டே டீ வாங்கி வந்தார். உள்பக்கத் தையல்கூடப் பிரியாத சட்டை அவை. தீபாவளியை ஒட்டிப் பெய்த மழையில் நனைந்துதான் போட்டுக்கொண்டார்கள், அது வேறு கதை.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். பணம் அனுப்பிய ஒன்றிரண்டு பேர், யார் யாருக்குப் போனது என்று பெயர்ப் பட்டியல் கேட்டீர்கள். உங்கள் பணத்துக்குக் கணக்கு கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. வரவு, செலவு, எந்தக் கடைக்கு எவ்வளவு, எந்தப் பள்ளிக்கூட பீஸ் எவ்வளவு என்று பைசா சுத்தமாக டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, கேட்டால் போட்டோ அனுப்புகிறேன். பெயர் மட்டும் தர முடியாது. அதற்காக வருத்தப்பட்டு அடுத்த தடவை கொடுக்காமல் இருந்தால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

வேலை இன்னும் திரும்பவில்லை. இரண்டு மூன்று பேருக்குத்தான் போன் வந்திருக்கிறது. கையில் மிச்சம் இருப்பது வீட்டு வாடகை பாக்கிக்கும், ஜனவரியில் கட்ட வேண்டிய பரீட்சை பீஸுக்கும் போகும். டீக்கடையில் வைத்திருக்கிற வசூல் டின்னைப் பொங்கல் வரைக்கும் எடுக்கப்போவதில்லை, வழியில் போகிறவர்கள் போடலாம்.

அப்புறம், தீபாவளிப் பலகாரம் போட குண்டான், ஜல்லிக்கரண்டி, அதிரசத் தட்டு கொடுத்த அக்காக்கள் கவனிக்கவும். எல்லாம் தேய்த்து என் வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறது. பெயர் வெட்டாத பெரிய குண்டான் ஒன்றை மூன்று பேர் தங்களுடையது என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் சேர்ந்து வந்து பேசித் தீர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், நான் நடுவில் வரமாட்டேன்.