தோட்டக் கிளினிக்குக்கு ஓர் இலக்கு: தாய்மாரின் கோரிக்கை மனு

அனுப்புநர்: கீழ்க்கணக்குத் (தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவு) தாய்மார், நுவரெலியா மாவட்டம்.
பெறுநர்: சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்.

விடயம்: எடை கூடாத பிள்ளைகளுக்காக அளந்து பார்க்கக்கூடிய இலக்கு வைத்தல்

மதிப்புக்குரிய வைத்திய அதிகாரி அவர்களுக்கு,

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாட்டளவில் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். எங்கள் லயன்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், நிலைமை எப்படி என்று கேட்டால், எத்தனை கிளினிக் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் பதில் வருகிறது. எத்தனை பிள்ளைகளுக்கு எடை கூடியது என்பதை யாரும் சொல்வதில்லை.

கிளினிக் வேலை நாளில் வருகிறது. போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். வராத தாய்க்கு அக்கறையில்லை என்று ஏச்சும் விழுகிறது. அதைப் பேசினால் இந்த மனு நீண்டுவிடும், விடுவோம்.

இலக்கு வைத்து வேலை செய்வது தோட்டத்துக்குப் புதிதல்ல. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று குறித்து, தராசில் நிறுத்துக் கணக்கெழுதுகிறார்கள். ஆனால் கிலோவை மட்டும் பார்த்தால் முத்தல் இலையும் கூடைக்குள் வந்துவிடும், அது எங்களுக்குத் தெரியும். கிளினிக்கில் தலைக்கணக்கை மட்டும் இலக்காக வைத்தாலும் அதே கதிதான். எதை அளக்கிறோம் என்பதை முதலில் சரியாகத் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே இப்படிக் கேட்கிறோம். தொடர்ந்து இரண்டு மாதம் எடை கூடாத பிள்ளைகளின் பட்டியலைக் குடும்பநல உத்தியோகத்தர் எடுக்கட்டும். அவர்களில் பாதிப் பேருக்காவது ஆறு மாதத்துக்குள் எடை கூட வேண்டும் என்று திகதியோடு எழுதி வையுங்கள். பெயர்களை வெளியிட வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் பிள்ளை மடுவத்துச் (பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) சுவரில் தமிழில் ஒட்டினால் போதும். மூன்று மாதத்துக்கொரு முறை தோட்ட நிர்வாகத்தையும் எங்களையும் கூப்பிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

இலக்கு எட்டவில்லையென்றால் குடும்பநல உத்தியோகத்தரைக் குற்றம் சொல்லக்கூடாது. மேலும் கீழும் ஏறி இறங்கி அலைகிற பிள்ளை அவர். திரிபோஷா சத்துமா வராததாலா, வீட்டில் அடுப்பு எரியாததாலா, அடிக்கடி வயிற்றோட்டம் வருவதாலா என்று காரணத்தைத் தேடுங்கள். தண்ணீர்க் குழாய்தான் காரணமென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அதே மேசைக்கு வரட்டும்.

அப்புறம், மாதத்தில் ஒரு கிளினிக்கையாவது ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அது முடியாதென்றால், கிளினிக் நாளுக்கு அரைப் பேராவது போடும்படி தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

பட்டியல் எடுக்க லயன் லயனாக வர நாங்கள் தயார். எந்த நாளில் தொடங்கலாம் என்று அடுத்த கிளினிக்குக்கு முன் அறியத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழ்க்கணக்குத் தாய்மார்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் இணைப்பில்)