பனியின் நஞ்சை முதலில் அறிந்தவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் கனடாவின் வடபகுதிச் சுரங்கங்கள் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "விஞ்ஞானிகள் போன பிறகுதான் அங்குள்ள மக்களுக்கு நஞ்சு பற்றித் தெரியவந்தது." அதற்குமேல் எனக்கு வாசிக்க மனம் வரவில்லை.

நான் கனடாவின் வடக்கிலுள்ள யெலோநைஃப் நகரில் ஒரு உணவகத்தில் ஆறு வருடம் வேலை செய்தவள். முதல் குளிர்காலம், பின்வாசலில் புதுப்பனியை ஆசையாய் அள்ளி வாயருகே கொண்டுபோனேன். என்னோடு கோப்பை கழுவிய, அந்த மண்ணின் பழங்குடியான டெனே இனத்து ஆச்சி படாரென்று கையைத் தட்டிவிட்டார். சின்ன வயதில் தாய் அவருக்குச் சொல்லிவைத்த எச்சரிக்கை அது. ஊருக்குப் பக்கத்து ஜயன்ட் தங்கச் சுரங்கத்தில் 1949 முதல் தாதுவை வறுத்த புகையோடு ஆர்சனிக் என்னும் நஞ்சு வெளியேறிப் பனியில் படிந்தது. அந்தப் பனியை உருக்கித்தான் டெனே மக்கள் குடித்தார்கள். 1951-ல் ஒரு டெனே குழந்தை செத்துப்போனது. பிள்ளையைப் புதைத்தவர்களுக்கா நஞ்சு தெரியாது?

1977-ல் பழங்குடியினரின் தேசிய அமைப்பும் உருக்குத் தொழிலாளர் சங்கமும் ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டு டெனே பிள்ளைகளின் தலைமயிரைச் சோதித்தன. ஆர்சனிக் கூடுதலாகவே இருந்தது. 2017-ல் ஒட்டாவா பல்கலைக்கழகம் நகமும் சிறுநீரும் சேகரித்தபோதும் டெனே மக்களின் பிரதிநிதிகளும், பழங்குடி-ஐரோப்பியக் கலப்பு வழிவந்த மெட்டி மக்களின் பிரதிநிதிகளும் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள். தங்களுக்குச் செய்யும் ஆய்வில் தாங்களும் இருக்கவேண்டும் என்று அவர்கள் எத்தனை வருடம் கேட்டிருப்பார்கள்! உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு பெயர்கூட இல்லை, "அங்குள்ள மக்கள்", அவ்வளவுதான்.

இது முதல் தடவையும் அல்ல. துருவ ஒளி பற்றிய சிறப்புப் பக்கத்தில் யெலோநைஃபை "எஸ்கிமோக்களின் ஊர்" என்று போட்டீர்கள். டெனே வேறு, நீங்கள் எஸ்கிமோ என்று எழுதும் இனுயிட் வேறு என்று அப்போதே எழுதினேன். பிரசுரிக்கவில்லை. வைரச் சுரங்க வேலைகள் பற்றி அரைப்பக்கம் வந்தது. ஜயன்ட் சுரங்கத்தின் நிலத்துக்கடியில் 2,37,000 தொன் ஆர்சனிக் தூளை உறையவைத்துக் காலமெல்லாம் காவல் காக்கவேண்டியிருப்பது பற்றி ஒரு வரியும் வரவில்லை.

யாழ்ப்பாணம் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது அதை முதலில் மணந்து பார்த்தவர்கள் வீட்டுக்காரர்தான். என் தமக்கை வீட்டுக் கிணறும் அதில் ஒன்று. ஆய்வுக்காரர் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது என்று யாரேனும் எழுதினால் நீங்களே பொறுப்பீர்களா?

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். அதில் டெனே என்ற பெயரைப் பிழையில்லாமல் அச்சிடுங்கள். ஆச்சிக்கு அனுப்பிவைக்க எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஸ்காபரோ