ஆண்டறிக்கை 2024–25: ஆய்வுக்கும் வழக்குக்கும் பணம் தேடிய கணக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பாலாற்றங்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பேரவை முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டங்கள் துணை விதிப்படி நடந்தன. நடவடிக்கைக் குறிப்பேடு மேசையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அதற்குமேல் அந்த வகையில் சொல்ல எதுவும் இல்லை.

ஒவ்வொரு பேரவையிலும் எழும் கேள்விக்கு வருகிறேன்: பணம் யார் தருவார்கள்? மரக்கன்று நட, ஏரி தூர்வார, பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டி வைக்கக் கொடுக்க ஆள் உண்டு. கிணற்றுத் தண்ணீரில் குரோமியம் (தோல் பதனிடும் ஆலைக் கழிவில் வரும் உலோகம்) இருக்கிறதா என்று பார்க்கவும், இருந்தால் அதை வைத்து வழக்காடவும் கொடுக்க ஆள் இல்லை. நன்கொடையாளரைத் தேடி அலைவதற்கு முன், சட்டப்படி நமக்கு வரவேண்டிய பணத்தையும் இலவசமாகக் கிடைக்கும் உதவியையும் வாங்கிவிட வேண்டும் என்பதே செயற்குழுவின் முடிவு. அறிக்கையையும் அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

வரவேண்டிய இழப்பீடு

தோல் ஷாப்புகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவால் கெட்ட நிலத்துக்கு இழப்பீடு என்பது புதிய பேச்சு அல்ல. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ‘மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும்’ என்ற விதி இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்னது. அதன்பிறகு அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் வழங்க ஆணையிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். 2009 ஆகஸ்டில் இன்னோர் ஆணையும் வந்தது. இவ்வாண்டு, 2025 ஜனவரி 30 அன்று, உச்ச நீதிமன்றம் இவ்விரு ஆணைகளின்படி நிலுவையில் உள்ள தொகையை ஆறு வாரத்துக்குள் கொடுத்து, அதை மாசுபடுத்திய ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளும்படி அரசுக்கு உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது.

தீர்ப்பு வந்ததும் “நமக்கு எவ்வளவு?” என்று கேட்டவர்களே அதிகம். “பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா?” என்பதுதான் முதல் கேள்வி. அன்றைய பட்டியல் அன்றைய வேலூர் மாவட்டத்துக்கு உரியது. 2019 நவம்பரில் அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. கோப்பு திருப்பத்தூரில் இருக்கலாம், வேலூரிலேயே தங்கியும் இருக்கலாம். எனவே தகவல் அறியும் உரிமை மனுவை எந்த ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பினாலும், “தங்களிடம் இல்லையெனில் பிரிவு 6(3)-இன்படி 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பவும்” என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லையாக ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பலர் இரண்டாவது மாதமும் காத்திருந்துவிட்டுப் பிறகு மீண்டும் புதிய மனு போடுகிறார்கள், அது வீண்.

பெயர் இருந்தும் பணம் கைக்கு வராததற்குக் காரணம் பெரும்பாலும் காகிதம்தான். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். உட்பிரிவு ஆனபின் புல எண் மாறியிருக்கும். ஆணையில் பழைய எண், சிட்டாவில் புதிய எண். கூட்டுக் கிணறு என்றால் பாகம் யாருக்கு எவ்வளவு என்பதற்குப் பத்திரம் இருக்காது. ஆதாரில் ஒரு தலைப்பெழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறொன்று. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் இப்போதே ஒரு கோப்பு கட்டி வைக்க வேண்டும்: சிட்டா, புலப்பட நகல், அடங்கல், வாரிசுச் சான்று, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் கிராம நிர்வாக அலுவலர் சான்று. அடங்கலை, அதாவது பயிர்ப் பதிவேட்டை, ஒரு பசலிக்கு (வருவாய்த் துறை ஆண்டுக்கு) மட்டும் எடுத்தால் போதாது. எந்தப் பசலி வரை நெல்லோ தென்னையோ இருந்தது, எதிலிருந்து தரிசு என்று எழுதப்பட்டது என்பதைத் தொடர்ச்சியாகக் காட்ட வேண்டும். நட்டத்துக்கு அதைவிட மலிவான சான்று கிடையாது.

தண்ணீர் ஆய்வு

நம் சொந்தப் பணம், அதாவது சந்தாவும் சில்லறை நன்கொடையும், முதலில் போக வேண்டிய இடம் இது. ஆனால் கண்மூடிச் செலவழிக்கக் கூடாது. பேனா வடிவ டிடிஎஸ் மீட்டரை ஊருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு முதலில் எல்லாக் கிணறுகளையும் சல்லடை போடுங்கள். அது மின்கடத்துதிறனை அளந்து உப்பைக் கணக்கிடும் கருவி. குரோமியத்தை அது காட்டாது. மாதம் ஒருமுறை 1413 மைக்ரோசீமன்ஸ் திரவத்தில் சரிபார்க்காவிட்டால் அந்த எண்களுக்கு மதிப்பில்லை. அதில் அதிகம் காட்டும் கிணறுகளையும், ஆற்றோட்டத்துக்கு மேற்புறம் ஷாப் இல்லாத இடத்திலுள்ள ஒரு கிணற்றையும் மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். அந்த ஒப்பீட்டுக் கிணறு இல்லையென்றால் “இந்த மண்ணே உப்பு மண்” என்ற ஒரே வாக்கியத்தில் எதிர்த்தரப்பு வென்றுவிடும்.

மாதிரி எடுக்கும்போது மோட்டாரைக் குறைந்தது 10 நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். மொத்தக் குரோமியத்துக்கு பிளாஸ்டிக் பாட்டிலில், ஆய்வகமே தரும் நைட்ரிக் அமிலம் சேர்த்து, பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு அளவு குறைவாக வரும். ஆறிணைதிறக் குரோமியத்துக்கு (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) அமிலம் சேர்க்கவே கூடாது. தனிப் பாட்டில், ஐஸ் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம். சனிக்கிழமை மாலை மாதிரி எடுப்பது காசைக் கரியாக்குவது. பாட்டிலில் புல எண், நேரம், மோட்டார் ஓடிய நிமிடம், எடுத்தவர் கையெழுத்து நான்கும் வேண்டும். கோடையில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்க வேண்டும். மழைக்குப் பிறகு மட்டும் எடுத்தால் நீர்த்துப்போன தண்ணீரைச் சோதித்து, “நல்ல தண்ணீர்” என்ற சான்றை நாமே எதிராளிக்கு வாங்கிக் கொடுத்ததாகும்.

குடிநீருக்கான இந்தியத் தரம் மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், இதில் தளர்வு இல்லை. கரைந்த உப்புக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாவிடில் 2000 வரை. அறிக்கை தரும் ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு, குரோமியம் சோதனைக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். அங்கீகாரம் சோதனைவாரியாகத்தான் தரப்படுகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. ஆலையின் கழிவுக் குழாயில் நாமே பிடித்த தண்ணீர் சட்ட மாதிரி ஆகாது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு எடுத்ததே செல்லும். நம் அறிக்கை அந்த அதிகாரியை வரவழைக்கும் கருவி மட்டுமே.

வழக்குச் செலவு

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம். 10 லட்சம் கேட்டால் 10,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணமே இல்லை.

கட்டணத்தைவிடக் காலக்கெடுதான் ஆளைக் கவிழ்க்கிறது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் போடும் மனுவுக்குப் பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீடு கோரும் 15-ஆம் பிரிவுக்கு 5 ஆண்டு. அனுமதி ஆணையை எதிர்த்த மேல்முறையீட்டுக்கு வெறும் 30 நாள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு மேல் மனு போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போதும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 

வழக்கறிஞர் கட்டணத்துக்கு நன்கொடை தேடுவதற்கு முன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. அச்சட்டத்தில் ‘நீதிமன்றம்’ என்ற சொல்லில் தீர்ப்பாயமும் அடங்கும். ஆகவே பட்டா வீட்டுப் பெண்கள் பெயரில் இருந்தால் மனுதாரராக அவர்களே முன்னிற்பது நல்லது. வட்ட நீதிமன்ற வளாகத்திலேயே விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கிடைக்கும் வழக்கறிஞருக்குச் சுற்றுச்சூழல் வழக்கில் பழக்கம் இல்லாமல் போகலாம். அதற்காகச் சலித்துக்கொள்ள வேண்டாம். நாள்வாரிக் குறிப்பு, கிணறுகளைக் குறித்த புலப்படம், ஆய்வு அறிக்கைகள், வாரியத்துக்குப் போட்ட மனுக்களின் ஒப்புகை அட்டைகள் ஆகியவற்றைப் பக்க எண் இட்டுக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

வாரியத்திடம் தேங்கும் பணம்

விதிமீறும் ஆலைக்கு வாரியம் விதிக்கும் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு மத்திய வாரியத்தின் சூத்திரம் ஒன்று உண்டு. மாசுக் குறியீடு (அதிக மாசு தரும் ஆலைகளான சிவப்பு வகைக்கு 80), மீறிய நாட்கள், ரூபாய்க் காரணி (பொதுவாக 250), ஆலை அளவு (சிறியது 0.5, நடுத்தரம் 1, பெரியது 1.5), ஊரின் மக்கள்தொகைக் காரணி (10 லட்சத்துக்குக் குறைந்த ஊருக்கு 1) ஆகிய ஐந்தையும் பெருக்க வேண்டும். சிவப்பு வகைச் சிறு ஆலை 30 நாள் மீறினால் 80 × 30 × 250 × 0.5 × 1 = 3 லட்சம். நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இந்தப் பணம் வாரியத்துக்குப் போகிறது. கிணறு கெட்டவருக்கு நேராக வராது. ஆனால் கெட்ட இடத்தைச் சீராக்கவும் அதைச் செலவிடலாம். எத்தனை ஆலைக்கு எவ்வளவு விதிக்கப்பட்டது, எவ்வளவு வசூலானது, நம் வட்டத்தில் எதற்குச் செலவானது என்ற மூன்று கேள்வியோடு மனு போடுவதும், பதில் வந்ததும் மாற்றுக் குடிநீர், மண் சீரமைப்பு என்று இடம் குறித்த திட்டத்தைக் கையில் கொடுப்பதும் வரும் ஆண்டின் முதல் வேலை.

நன்கொடை, நிறுவன நிதி, வெளிநாட்டுப் பணம்

இதற்குப் பதிவுகள் முதலில் சரியாக இருக்க வேண்டும். வருமான வரித் துறையில், 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 12ஏபி பதிவும் (சங்க வருமானத்துக்கு வரிவிலக்கு) 80ஜி ஒப்புதலும் (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) முதலில் 3 ஆண்டுக்குத் தற்காலிகமாகவே கிடைக்கும். அது முடிவதற்கு 6 மாதம் முன்பே, அல்லது பணி தொடங்கிய 6 மாதத்துக்குள், எது முந்தியதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்காவிட்டால் இரண்டும் போய்விடும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. நன்கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடி-யில் மே 31-க்குள் ஏற்ற வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். நம்மைப் போன்ற சிறு சங்கத்துக்கு இரண்டு மாதத் தாமதமே 12,000 ரூபாய்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியை வாங்க மேற்சொன்ன 12ஏபி, 80ஜி பதிவுகளோடு சிஎஸ்ஆர்-1 என்ற பதிவுப் படிவமும் 3 ஆண்டுச் செயல்பாடும் வேண்டும். 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்பனை, 5 கோடி நிகர லாபம் இவற்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனத்துக்கே லாபத்தில் 2 சதவீதம் இதற்குச் செலவிடும் கடமை. சின்ன ஷாப்புகள் இதில் வராது. நிர்வாகச் செலவுக்கான 5 சதவீத வரம்பு நிறுவனத்தின் சொந்த அலுவலகச் செலவுக்கு உரியது. அதை நமக்கான பங்கு என்று நினைத்துத் திட்டத்தில் எழுதக் கூடாது. அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் பல நிறுவனங்கள் மார்ச்சுக்குள் முடிவு செய்துவிடும், எனவே விண்ணப்பம் ஜனவரியிலேயே போய்ச் சேர வேண்டும்.

மாசுபடுத்தும் ஆலையிடமே இந்த நிதியை வாங்கலாமா என்ற வாதம் செயற்குழுவில் சூடாகவே நடந்தது. என் கருத்து, வாங்கக் கூடாது. தர்மம் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், சட்டமே இடம் தரவில்லை. வேறொரு சட்டத்தின்கீழ் கட்டாயமாகச் செய்ய வேண்டிய வேலையைச் சமூகப் பொறுப்புச் செலவில் சேர்க்க முடியாது. வாரியம் உத்தரவிட்ட சீரமைப்பை ‘எங்கள் கொடை’ என்று பலகை வைத்துத் திறந்தால், எந்தக் கணக்கில் எழுதினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றி அடிக்கடி வரும் குழப்பத்துக்கு ஒரு விளக்கம். வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர்கள் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை ரசீதோடு இணைத்து வையுங்கள். அவர் அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், உறவினரே ஆனாலும் ஒரு ரூபாய்கூடச் சங்கக் கணக்கில் வரக் கூடாது. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் பதிவுக்கு 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாய்ச் செலவு காட்ட வேண்டும். நமக்கு அது எட்டாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு பெற்ற பெரிய நிறுவனம் வாங்கி நமக்குப் பிரித்துத் தரவும் முடியாது. அப்படி யாராவது ஆசை காட்டினால் விலகி நில்லுங்கள்.

உள்ளூர்த் திட்டங்களில் ‘நமக்கு நாமே’க்குப் பொதுமக்கள் பங்காகப் பொதுவாக மூன்றில் ஒரு பகுதி கட்ட வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி. இரண்டும் பெரும்பாலும் கட்டுமான வேலைக்கே ஆகும். குவாரி உள்ள ஊராட்சிகள் மாவட்டக் கனிம அறக்கட்டளையையும் கேட்கலாம். குடிநீரும் மாசுக் கட்டுப்பாடும் அதன் முன்னுரிமைப் பட்டியலில் உள்ளன. எதற்கும் கிராம சபைத் தீர்மானம் கை கொடுக்கும், எண்ணும் தேதியும் புல எண்ணும் அதில் இருந்தால். “எங்கள் ஊர் தண்ணீர் கெட்டுவிட்டது” என்று மட்டும் எழுதிய தீர்மானத்தை யாரும் மதிப்பதில்லை. நம் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்ததால் தலைவர்களின் பதவிக்காலம் 2026 அக்டோபர் வரை. மற்ற பல மாவட்டங்களில் 2025 ஜனவரி முதல் தனி அலுவலர்கள்தான். இந்த வாய்ப்பு இருக்கும்போதே தீர்மானங்களை முடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கிராம சபைகள் மே 1, ஆகஸ்ட் 15. ஊருக்கு இருவர் வீதம் தீர்மான வாசகத்தை எழுதிக்கொண்டு ஏப்ரல் 20-க்குள் சங்க அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளவும். கோடை மாதிரிக்கான பாட்டில்களும் அன்றே வழங்கப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்